இரண்டு வரி மாற்றினால் கோப்பு முழுவதும் மாறினதாகக் காட்டுது: விண்டோஸும் உபுண்டுவும் கலந்த ரெபோவில் வரிமுடிவுச் சிக்கல்

கல்லடி_வாவி:

வணக்கம். நெல் கொள்வனவுக் கணக்குக்கு ஒரு பிஎச்பி செயலி. மூன்று பேர் ஒரே கிட் ரெபோவில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பொதுக் களஞ்சியம்) வேலை செய்கிறோம். கல்லடியில் இரண்டு விண்டோஸ் லெப்டொப், கல்முனையில் ஒரு உபுண்டு. செர்வரும் உபுண்டுதான்.

கல்முனையில் இருப்பவர் அவணத்தை (நெல் அளவு) கிலோவாக்கும் இடத்தில் இரண்டே இரண்டு வரி திருத்தினார். டிஃப் (மாற்றங்களைக் காட்டும் கட்டளை) போட்டால் 412 வரி நீக்கம், 412 வரி சேர்ப்பு. எது உண்மையான திருத்தம் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. செர்வரில் செயலியை ஏற்றும் டிப்ளோய்.எஸ்எச் ஸ்கிரிப்ட் ஓடாமல் "/பின்/பாஷ்^எம்: பேட் இன்டர்பிரிட்டர்" என்று நிற்குது. இணையத்தில் பார்த்து ஒரு லெப்டொப்பில் கோர்.ஓட்டோசிஆர்எல்எஃப் (வரிமுடிவை கிட் தானாக மாற்றும் செட்டிங்) பெறுமானத்தை ட்ரூ என்றும் மற்றதில் ஃபோல்ஸ் என்றும் போட்டுப் பார்த்தோம். இப்போது தொடாத கோப்புகளும் மாறியதாக கிட் ஸ்டேட்டஸில் வருது.

மூன்று பேரும் எந்தப் பெறுமானம் வைத்தால் சரிவரும்? பெரும்போக அறுவடைக்கு முன் இதை ஓடவைக்க வேண்டும்.

நீலாவணை:

தம்பி, அந்த செட்டிங்கைப் பிறகு பார்க்கலாம். அது ஒவ்வொருவருடைய மெஷினில் கிடக்கிற விஷயம், ரெபோவோடு பயணிக்காது. நாளைக்கு நாலாவது ஆள் க்ளோன் பண்ணினால் (ரெபோவைப் பிரதியெடுத்தால்) திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும். விதி ரெபோவுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்குத்தான் .கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பு.

முதலில் என்ன நடக்குது என்று பாருங்கள். லினக்ஸிலும் மெக்கிலும் ஒரு வரி முடியும் இடத்தில் ஒரு பைட், எண் 10. அதுதான் எல்எஃப். விண்டோஸில் இரண்டு பைட், 13 அடுத்து 10. அது சிஆர்எல்எஃப். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கிட்டுக்கு இரண்டும் வேறு. 412 வரியிலும் ஒவ்வொரு 13 குறைந்தால் 412 வரியும் மாறியதாகத்தான் அது சொல்லும். உபுண்டுவில் எடிட்டரோ ஃபோர்மட்டரோ சேமிக்கும்போது 13-ஐ எடுத்திருக்கும். பிரெட்டியர் என்ற ஃபோர்மட்டர் போட்டிருந்தால் கட்டாயம் பாருங்கள், 2.0 பதிப்பிலிருந்து அதன் வழமை எல்எஃப்.

கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ரெபோவின் மேல் ஃபோல்டரில் நின்று:

`கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஈஓஎல்`

ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தகவல் வரும். "ஐ/" என்று தொடங்குவது ரெபோவுக்குள் சேமித்த வடிவம். "டபிள்யூ/" என்பது உங்கள் டிஸ்க்கில் இப்போது இருக்கும் வடிவம். மூன்றாவது, அந்தக் கோப்புக்கு எந்த விதி பொருந்துது என்பது. விண்டோஸில் டபிள்யூ/சிஆர்எல்எஃப் என்று வந்தால் பயமில்லை. ஐ/ பக்கத்தில் சிஆர்எல்எஃப் அல்லது மிக்ஸ்ட் என்று வருபவைதான் நோய். எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கூடவே `கிட் கொன்ஃபிக் --ஷோ-ஒரிஜின் கோர்.ஓட்டோசிஆர்எல்எஃப்` போட்டால் அந்த செட்டிங் எந்தக் கோப்பிலிருந்து வருது என்று தெரியும். விண்டோஸில் நீங்கள் வைக்காவிட்டாலும் இன்ஸ்டோலர் வைத்திருக்கும். அங்கே வழமைத் தெரிவு ட்ரூ.

அந்த 412 வரி கொமிட்டில் (பதிந்த மாற்றத்தில்) உண்மையான இரண்டு வரியைப் பார்க்க: `கிட் டிஃப் --இக்னோர்-சிஆர்-அட்-ஈஓஎல்`. கிட் 2.16 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும்.

அக்கரைப்பற்று_செர்வர்:

டிப்ளோய்.எஸ்எச் பற்றி மட்டும். முதல் வரியில் பாஷின் பெயருக்குப் பின் அந்த 13 ஒட்டிக்கொண்டிருக்கு. கேர்னல் "பாஷ்" என்று தேடாமல் "பாஷ்+13" என்ற பெயரில் ஒரு புரோகிராமைத் தேடுது, அப்படி ஒன்று இல்லை. டொக்கரில் (செயலிகளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) இதே பிழை இன்னும் குழப்பமாக வரும். என்ட்ரிபொயின்ட் ஸ்கிரிப்ட் கண்ணுக்கு முன்னால் இருக்கும், ஆனால் "நோ சச் ஃபைல்" என்று சொல்லும். பலர் பாத்தை மாற்றி மாற்றிப் பார்த்து நாளைக் கழிப்பது இதனால்தான். இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல, அதன் முதல் வரி கேட்கிற இன்டர்பிரிட்டர்.

உறுதிப்படுத்த: `ஹெட் -1 டிப்ளோய்.எஸ்எச் | ஓடி -சி`. கடைசியில் பின்சாய்கோடு ஆர், பின்சாய்கோடு என் இரண்டும் வந்தால் சிஆர்எல்எஃப். செர்வரில் உடனே ஓடவைக்க `செட் -ஐ 's/\ஆர்$//' டிப்ளோய்.எஸ்எச்` போதும், ஆனால் ரெபோவில் திருத்தாவிட்டால் பிழை அங்கேயே கிடக்கும்.

இன்னொன்று. பாஸ்வேர்ட் போன்ற செட்டிங்குகள் இருக்கும் .என்வ் கோப்பையும் பாருங்கள். அது கிட்இக்னோரில் (கிட் கவனிக்காத கோப்புகளின் பட்டியல்) இருக்கும், அதனால் .கிட்அட்ரிபியூட்ஸ் அதைத் தொடாது. விண்டோஸில் எழுதி பென்டிரைவிலோ வட்ஸ்அப்பிலோ செர்வருக்குப் போன கோப்பு என்றால் ஒவ்வொரு வரியிலும் 13 இருக்கும். டிப்ளோய் ஸ்கிரிப்ட் அதை சோர்ஸ் பண்ணினால் (உள்ளே வாசித்தால்) 12 எழுத்துப் பாஸ்வேர்ட் 13 எழுத்தாகிவிடும். டேட்டாபேஸ் "அக்சஸ் டினைட்" என்று சொல்லும், நீங்கள் பாஸ்வேர்டைப் பத்துத் தரம் சரிபார்ப்பீர்கள், அது சரியாகத்தான் தெரியும். `கேட் -ஏ .என்வ்` போடுங்கள், ஏ பெரிய எழுத்து. வரி முடிவில் டொலர் மட்டும் வரவேண்டும். டொலருக்கு முன் ^எம் இருந்தால் `டொஸ்2யுனிக்ஸ் .என்வ்`.

கல்லடி_வாவி:

மிக்க நன்றி. மொத்தம் 187 கோப்பு. ஐ/எல்எஃப் 121, ஐ/சிஆர்எல்எஃப் 58, ஐ/மிக்ஸ்ட் 7. செய்திகள்.டிஎக்ஸ்டி என்ற ஒன்றுக்கு மட்டும் ஐ/-டெக்ஸ்ட் என்று வருது. .என்விலும் ^எம் இருந்தது, எடுத்ததும் டேட்டாபேஸ் இணைந்துவிட்டது.

ஆனால் புதுப் பிரச்சினை. .கிட்அட்ரிபியூட்ஸில் `*.டிஎக்ஸ்டி டெக்ஸ்ட்` என்று ஒரு வரி போட்டு கொமிட் பண்ணி, விண்டோஸில் புதிதாக க்ளோன் எடுத்தோம். செய்திகள்.டிஎக்ஸ்டியில் விவசாயிகளுக்குப் போகும் எஸ்எம்எஸ் வாசகங்கள் தமிழில் இருக்கு. இப்போது முதல் வரி தமிழ், இரண்டாம் வரி கொரிய எழுத்து மாதிரி ஏதோ, மூன்றாம் வரி தமிழ், நாலாம் வரி திரும்பக் கொரியம். உபுண்டுவில் அதே கோப்பு ஒரு குறையும் இல்லாமல் திறக்குது. எக்செலில் "யூனிகோட் டெக்ஸ்ட்" என்று சேமித்த கோப்பு அது.

உன்னிச்சை:

ஒன்று விட்டு ஒரு வரி கெடுது என்று சரியாகக் கவனித்தீர்கள், காரணம் அதிலேயே இருக்கு.

எக்செல் அந்தத் தெரிவில் யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கும். அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் இரண்டு பைட். "நெல்" என்ற சொல் டிஸ்க்கில் இப்படிக் கிடக்கும்:

`168 11 | 198 11 | 178 11 | 205 11`

இந்த 11-தான் தமிழின் முகவரி. வரிமுடிவும் அதேபோல் இரட்டை இரட்டையாக: `13 0 | 10 0`. நீங்கள் "டெக்ஸ்ட்" என்று கட்டாயப்படுத்தியதால் விண்டோஸில் செக்அவுட் பண்ணும்போது (ரெபோவிலிருந்து கோப்பை டிஸ்க்குக்கு எடுக்கும்போது) கிட் ஒவ்வொரு 10-க்கும் முன்னால் 13 இருக்கா என்று பார்க்குது. இங்கே முன்னால் இருப்பது 0. உடனே ஒரு 13-ஐத் தானே செருகுது. ஒரு பைட் கூடியதும் அடுத்த வரியில் சோடிகள் எல்லாம் ஒரு இடம் நகரும்:

`13 0 | 13 10 | 0 168 | 11 198 | 11 178 | 11 205`

தமிழின் 11 பின்னால் இருந்து முன்னால் வந்துவிட்டது. 11 198, 11 178, 11 205 மூன்றும் யூனிகோடில் கொரிய ஹங்குல் பகுதியில் விழும் எண்கள். அடுத்த வரிமுடிவில் இன்னொரு 13 ஏறும், மொத்தம் இரண்டு பைட் கூடுதல், சோடி திரும்ப நேராகும். அதனால் மூன்றாம் வரி தமிழ். உபுண்டுவில் செக்அவுட் நேரம் கிட் எதையும் செருகாது, அங்கே கெடவில்லை.

ரெபோவுக்குள் இருப்பது இன்னும் பத்திரமாக இருக்கு. ஆனால் விண்டோஸில் அந்தக் கோப்பை எடிட்டரில் திறந்து சேமிக்க வேண்டாம். சேமித்தால் கொரிய எழுத்துத்தான் உண்மையான உள்ளடக்கமாகிவிடும்.

உபுண்டுவில் இருப்பவர் செய்யட்டும்:

`ஐகொன்வ் -எஃப் யுடிஎஃப்-16 -டி யுடிஎஃப்-8 செய்திகள்.டிஎக்ஸ்டி > புதியது.டிஎக்ஸ்டி`

பிறகு பழையதன் பெயருக்கு மாற்றி கொமிட். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், மூன்றும் 128 அல்லது அதற்கு மேல். 10-உம் 13-உம் வரிமுடிவைத் தவிர வேறு எங்கும் வராது, கிட் எவ்வளவு மாற்றினாலும் தமிழ் கெடாது. சிங்கள வாசகக் கோப்பு இருந்தால் அதையும் இப்படியே மாற்றுங்கள்.

இனி எக்செலில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" தெரிவைப் பாவியுங்கள். அது கோப்பின் தலையில் 239 187 191 என்று மூன்று பைட் வைக்கும். பிஎச்பியில் வாசிக்கும்போது அதை வெட்டாவிட்டால் முதல் நிரலின் பெயர் பொருந்தாது. விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் ">" போட்டு எழுதும் கோப்பும் யுடிஎஃப்-16 ஆகத்தான் வரும், அதையும் கவனியுங்கள்.

நீலாவணை:

உன்னிச்சை சொன்னதைச் செய்து முடித்தபின் மிச்சத்துக்கு வாங்க. `*.டிஎக்ஸ்டி டெக்ஸ்ட்` வரியை எடுத்துவிட்டு இப்படி வையுங்கள்:

`* டெக்ஸ்ட்=ஓட்டோ`
`*.எஸ்எச் டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்`
`*.பேட் டெக்ஸ்ட் ஈஓஎல்=சிஆர்எல்எஃப்`
`*.பிஎன்ஜி பைனரி`

"ஓட்டோ" என்றால் கிட் தானாகப் பார்த்து முடிவெடுக்கும். 0 பைட் இருந்தால் பைனரி என்று விட்டுவிடும். துணையில்லாமல் ஒரு 13 தனியாகக் கிடந்தாலும் அப்படித்தான், கோப்பை ஒதுக்கிவிடும். எல்லாம் முடிந்தபின்னும் ஏதாவது கோப்பு ஐ/-டெக்ஸ்ட் (பைனரி) என்று நின்றால் அதைத் தேடுங்கள். பேட் கோப்புக்கு சிஆர்எல்எஃப் வைப்பது ஏனென்றால், எல்எஃப் மட்டும் இருந்தால் விண்டோஸ் சிஎம்டி சில இடங்களில் லேபலைத் தவறவிடும்.

இந்தக் கோப்பைப் போட்டதும் சிஆர்எல்எஃப் 58, மிக்ஸ்ட் 7 என்ற அந்த 65 கோப்பும் தானாக மாறாது. ரெபோவில் ஏற்கெனவே சிஆர்எல்எஃப் ஆகப் பதிந்ததை ஓட்டோ விதி அப்படியே விட்டுவிடும். ஒருக்கா மாற்றவேண்டும், அதை ஒரே ஆள், ஒரே கொமிட்டில், வேறு எந்தத் திருத்தமும் கலக்காமல் செய்யவேண்டும். மூவரும் கையில் இருப்பதை எல்லாம் புஷ் பண்ணி, இன்ன நேரம் என்று பேசிக்கொண்டு செய்யுங்கள். கிட் ஸ்டேட்டஸ் வெறுமையாக இருக்கும்போது:

`கிட் அட் .கிட்அட்ரிபியூட்ஸ்`
`கிட் அட் --ரீநோர்மலைஸ் .`
`கிட் டிஃப் --கேஷ்ட் --இக்னோர்-சிஆர்-அட்-ஈஓஎல்`

மூன்றாவது கட்டளையில் உள்ளடக்க மாற்றமாக .கிட்அட்ரிபியூட்ஸ் வரிகள் மட்டும் வரவேண்டும். வேறு ஏதாவது வந்தால் கொமிட் பண்ணாமல் நிறுத்துங்கள். சரியென்றால் கொமிட், புஷ்.

மாற்றியவரின் டிஸ்க்கில் பழைய வடிவம் அப்படியே இருக்கும். திரும்ப க்ளோன் எடுத்து டேட்டாவைக் கரைக்கத் தேவையில்லை: `கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்ட் .`, பிறகு `கிட் ரீசெட் --ஹார்ட்`. இரண்டாவது கட்டளை கொமிட் பண்ணாத எல்லாவற்றையும் அழிக்கும், ஸ்டேட்டஸைப் பார்க்காமல் அடிக்கக்கூடாது.

இன்னும் மேர்ஜ் ஆகாத (இணைக்காத) பிரான்ச் (தனிக் கிளை) இருந்தால் சாதாரணமாக மேர்ஜ் பண்ணினால் கோப்பு முழுவதும் கொன்ஃப்ளிக்ட் வரும். அந்தப் பிரான்ச்சில் நின்று `கிட் செக்அவுட் மெயின் -- .கிட்அட்ரிபியூட்ஸ்`, அதை கொமிட், பிறகு `கிட் மேர்ஜ் -எக்ஸ் ரீநோர்மலைஸ் மெயின்`. எக்ஸ் பெரிய எழுத்து. இப்போது உண்மையான மோதல்கள் மட்டும் வரும்.

கல்லடி_வாவி:

முடிந்தது. 65 கோப்பும் .கிட்அட்ரிபியூட்ஸும் ஒரே கொமிட்டில் போய்விட்டது, ஐ/ பக்கம் எல்லாம் எல்எஃப். எஸ்எம்எஸ் வாசகம் விண்டோஸிலும் தமிழாக வருது. ஒரே ஒரு குறை: கிட் பிளேம் (எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கட்டளை) போட்டால் அந்த 65 கோப்பிலும் அநேகமாக எல்லா வரியும் என் பெயரில் வருது.

உன்னிச்சை:

அந்தக் கொமிட்டின் 40 எழுத்து எண்ணை முழுதாக .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில் ஒரு வரியாக எழுதி ரெபோவில் சேருங்கள். பிறகு மூன்று மெஷினிலும் ஒருக்கா:

`கிட் கொன்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்`

கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. கிட்ஹப் பக்கத்தில் இந்தப் பெயரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அக்கரைப்பற்று_செர்வர்:

ஸ்கிரிப்ட் செர்வரில் இனி "பெர்மிஷன் டினைட்" என்று நின்றால் அது வரிமுடிவு இல்லை. விண்டோஸில் கிட், கோப்பை ஓட்டும் அனுமதியான எக்சிகியூட் பிட்டைப் பதியாது. அங்கிருந்து `கிட் அப்டேட்-இன்டெக்ஸ் --சிஎச்மொட்=+எக்ஸ் டிப்ளோய்.எஸ்எச்` போட்டு கொமிட் பண்ணுங்கள்.