நீர் மறையும் ஊர்: அயர்லாந்தின் காங் கிராமத்தில் கண்டவையும் கேட்டவையும்

ஏரிக்கரை எழுதியது:

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், மேயோ, கால்வே என்னும் இரு கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) எல்லையில், வடக்கே மாஸ்க் ஏரிக்கும் தெற்கே காரிப் ஏரிக்கும் நடுவிலுள்ள குறுகிய நிலத்துண்டில் காங் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊருக்குள் குடியிருப்போர் இருநூறு பேரைத் தாண்ட மாட்டார்கள். முதியோரின் வீடுகளுக்கே சென்று அவர்களைப் பராமரிக்கும் பணியில் நான் அப்பகுதியில் இருந்தேன். ஆகவே சுற்றுலாப் பயணிகள் காணும் ஊரைவிட, சமையலறைக்குள் உட்கார்ந்தபடி தெரியும் ஊரே எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் அறிந்தவற்றை முதலில் சொல்கிறேன். அவ்வூரை அறிந்த மற்ற உறுப்பினர்கள் தொடர வேண்டும்.

நான் காலையில் செல்லும் வீடுகளுள் ஒன்று, தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு விவசாயியுடையது. மனைவி இறந்த பிறகு அவர் தனியாகவே வாழ்ந்தார். சமையலுக்கும் வெந்நீருக்கும் குளிர் போக்குவதற்கும் சேர்த்து அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு இரும்பு அடுப்பு. அதில் எரிந்தது டர்ஃப். சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிக் கிடக்கும் செடிகொடிகளின் படிவத்தை வசந்தகாலத்தில் வெட்டியெடுத்து, பரப்பி, ஓரளவு காய்ந்ததும் நான்கைந்து கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிற்கவைத்து, காற்றில் நன்றாக உலரவிட்டு, கோடை முடிவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது வெட்டுவதை இயந்திரம் செய்துவிடுகிறது. ஆனால் கட்டிகளைக் குனிந்து நிமிர்த்தி வைக்கும் வேலைக்கு இன்றும் மனித முதுகுதான் வேண்டும். பெரியவருடைய பங்கை அண்டை வீட்டு இளைஞர்கள் செய்து கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் கூலி பெற்றதாக நான் கேள்விப்படவில்லை. அவர்களுடைய தாத்தாக்களுக்கு இவர் வைக்கோல் அள்ளிக் கொடுத்த கணக்கு எங்கோ நிலுவையில் இருந்திருக்கும் போலும்.

காலையில் அவர் வானொலியை ஒலிக்கவிடுவது செய்திக்காகவோ பாட்டுக்காகவோ அன்று. மேயோவில் கேட்கப்படும் மிட்வெஸ்ட் ரேடியோ, அன்றாடம் அப்பகுதியின் இறப்பு அறிவிப்புகளை வாசிக்கிறது. அறிவிப்பு தொடங்கியதும் அவர் ஒரு விரலை உயர்த்துவார். நான் குழாய் நீரை நிறுத்திவிட வேண்டும். தேநீர்க் கோப்பையைத் தூக்கிய கை பாதி வழியில் நிற்கும். இறந்தவர் பெயர், கணவர் வீட்டூர், பிறந்த ஊர், உடல் எந்த வீட்டில் வைக்கப்பட்டிருக்கிறது, பார்வை நேரம் எது, திருப்பலி எந்தக் கோவிலில் என்று ஒவ்வொன்றாக வரும். அது முடிந்ததும் இறந்தவருடைய மூன்று தலைமுறைச் சொந்தங்களை எனக்கு விளக்கிவிட்டு, போக வேண்டிய சாவா, போகாவிட்டாலும் குறையில்லாத சாவா என்று தீர்ப்புச் சொல்வார்.

அப்படிப் போக வேண்டியதாகத் தீர்ப்பான ஒரு துக்க வீட்டுக்கு அவருடைய மருமகள் காரோட்ட, துணையாக நானும் சென்றேன். சாலையின் இருபுறமும் கார்கள் நின்றன. ஊர்க் கால்பந்துக் கழகத்து ஆட்கள் மஞ்சள் மேற்சட்டை அணிந்து வாகனங்களுக்கு வழிகாட்டிக் கொண்டிருந்தனர். முன்னறையில் பெட்டி திறந்தே இருந்தது. வந்தவர்கள் வரிசையில் நகர்ந்து, குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பற்றி, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கடந்தார்கள். அதற்கு மேல் யாரும் ஆறுதல் சொல்ல முயலவில்லை. அடுத்த அறையிலோ தேநீரும் சாண்ட்விச்சும் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. அவையெல்லாம் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்தவை, துக்க வீட்டார் அடுப்படிப் பக்கமே போகவில்லை. குழி வெட்டியவர்களும் அண்டை வீட்டாரே. ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். மதுரைப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை; அப்பா என்ன செய்கிறார், உடன்பிறந்தோர் எத்தனை பேர், நிலம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்தான் கையை விட்டார்.

மதகு எழுதியது:

பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கால்வேயில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, தண்ணீர் ஓடாத கால்வாய் ஒன்று காங் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைப் பார்ப்பதற்காகவே போனேன்.

ஊரின் அடியிலிருப்பது சுண்ணாம்புப் பாறை. மாஸ்க் ஏரியின் நீர் காரிப் ஏரிக்கு நிலத்தின் மேலே ஆறாக ஓடி வருவதில்லை. பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, சில மைல் தூரம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடி, காங் ஊரில் பல ஊற்றுகளாகப் பொங்கி வெளிவருகிறது. அங்கே பிறக்கும் ஆறு சற்றுத் தூரத்திலேயே காரிப்பில் கலந்துவிடுகிறது. இந்த நிலத்தில்தான் இரு ஏரிகளையும் இணைத்துப் படகு விடுவதற்கான கால்வாயை 1848இல் வெட்டத் தொடங்கினார்கள். அது உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய பஞ்ச காலம். 1841இல் ஏறத்தாழ 3,89,000 பேர் வாழ்ந்த மேயோவில் 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சுமார் 2,75,000 பேரே இருந்தனர். மற்றவர்கள் மாண்டார்கள் அல்லது கப்பலேறினார்கள். எஞ்சியவர்களுள் பலருக்குக் கூலி என்று கிடைத்தது இந்த மண்வெட்டும் வேலைதான்.

1854இல் படகுப் போக்குவரத்துத் திட்டம் கைவிடப்பட்டது. நீரைத் திறந்துவிட்டதும் பாறை அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது, பொறியாளர்கள் திகைத்து நின்றார்கள் என்று வழிகாட்டிகள் சுவையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊரில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் நீர் எங்கே மறைகிறது என்று காட்டியிருப்பான். அதை அளந்து வரைபடம் போட்டவர்களுக்கா தெரியாது? செலவு ஏறியதும், இருப்புப்பாதை நெருங்கி வந்ததால் படகுப் பாதையின் தேவை குறைந்ததும் அம்முடிவுக்குப் பெரிய காரணங்கள். வடிகால் என்ற அளவில் அந்தக் கால்வாய் வீணாகவும் இல்லை. மழைக்காலத்தில் அதில் நீர் ஓடுகிறது, கோடையில் புல் முளைக்கிறது.

படகுகளை ஏற்றி இறக்குவதற்காகக் கட்டிய நீர்ப்பூட்டு ஒன்றின் சுவரருகே வெகுநேரம் நின்றேன். கல்வேலை அவ்வளவு நேர்த்தி. புழக்கத்தில் இருந்த கால்வாய்களில் கரைக்கல்லின் விளிம்பைப் படகுக் கயிறு ஆண்டுக்கணக்கில் உரசிப் பள்ளம் பறித்திருக்கும். இங்கே விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது. உளி கொத்திய தடத்தை விரலால் வருடி உணர முடிந்தது.

அங்கே நாயுடன் உலாவ வந்த ஒருவர், நான் கல்லைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, பிஜன் ஹோல் என்னும் குகைக்கு அழைத்துப் போனார். ஈரப்படிகளில் இறங்கினால், அடியில் இருளுக்குள் ஆறு ஓடும் ஓசை கேட்கிறது. அந்த நீரில் ஒரு வெள்ளை மீன் இருந்ததாம். காதலனைக் கொன்று ஏரியில் எறிந்துவிட்டார்கள் என்று அறிந்து காணாமற்போன பெண்தான் அந்த மீன். அதைப் பிடித்து வாணலியில் போட்ட ஒரு படைவீரன், எவ்வளவு வறுத்தும் வேகாததால் கத்தியால் குத்தினான். உடனே கையில் இரத்தம் வழிய ஒரு பெண் எழுந்து நின்று, என்னை நீரிலேயே கொண்டு விடு என்றாள். விட்டான். அதன் பிறகு மீனின் விலாவில் ஒரு சிவப்புத் தழும்பு இருந்ததாம். இதைச் சொன்னவர், நம்புகிறாரா என்று நான் கேட்டதற்கு, தாம் நம்புவதில்லை என்றும், ஆனால் அந்த நீரில் தூண்டில் போட்டதில்லை என்றும் சொன்னார்.

பழங்காசு எழுதியது:

மீன் என்றதும் நினைவுக்கு வருவது காங் மடத்தின் துறவிகள் ஆற்றின் மேல் கட்டிய மீன்பிடி வீடு. கற்களை அடுக்கி எழுப்பிய மேடையில் நிற்கும் சிறு அறை அது. தரையில் ஒரு திறப்பு. அதன் வழியே வலையை ஆற்றில் இறக்குவார்கள். மீன் சிக்கியதும் சமையலறைக்குத் தெரிவிக்க, மணியோடு இணைத்த கயிறு ஒன்று மடம் வரை நீண்டிருந்ததாக ஊரார் சொல்கிறார்கள். ஓரத்தில் குளிர்காயும் கணப்பும் உண்டு. தவவாழ்வு வாழ்ந்தோர் இவ்வளவு வசதியை யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது.

மடத்தின் பெருமை அதைவிடப் பெரிது. அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் ரோரி ஓ கானர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1198இல் இறந்தது இங்கேதான். அவருடைய தந்தை டர்லக், இயேசுவின் சிலுவைத் துண்டு ஒன்றை வைப்பதற்காக ஏறத்தாழ 1123இல் செய்வித்த பொன்வேலைச் சிலுவை இம்மடத்தில் இருந்தது. பின்னாளில் ஊர்ப் பாதிரியாரின் பொறுப்பில் இருந்த அதை, 1839இல் கணித அறிஞர் ஜேம்ஸ் மெக்கல்லா விலைகொடுத்து வாங்கி அயர்லாந்து அரசக் கழகத்துக்கு அளித்தார். இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற மேயோக்காரர் ஒருவர், “எங்களிடமிருந்து எடுத்துப் போனது” என்றார். அடுத்த பாதிரியார்களுள் ஒருவரான லாவெல், டப்ளினுக்கே போய்ச் சிலுவையை எடுத்து மேலங்கிக்குள் மறைத்து வெளியேற முயன்று பிடிபட்டார் என்று ஒரு கதை உண்டு. அதை அந்த மேயோக்காரர் சொன்ன விதத்தில், முயற்சி தோற்றதே என்ற வருத்தம் நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் ஆறவில்லை.

தூரதேசம் எழுதியது:

ஊரைப் பற்றிப் பேசும்போது சினிமாவைத் தவிர்க்க முடியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951இல் ஜான் வேயினும் மொரீன் ஓஹாராவும் நடித்த ஹாலிவுட் படம் ஒன்றைக் காங் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் எடுத்தார்கள். கிராமப்புறங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் அரசுத் திட்டம் 1946இல்தான் தொடங்கியிருந்தது. படக்குழு வந்ததால்தான் எங்கள் தெருவுக்கு விளக்கு சீக்கிரம் வந்தது என்று வயதானவர்கள் சிலர் சொல்லக் கேட்டேன். படத்தில் மதுக்கடையாகத் தெரியும் கட்டடம் அப்போது மளிகைக்கடை. பல்லாண்டுகள் கழித்து, தேடி வந்து ஏமாந்த ரசிகர்களின் தொல்லையாலோ என்னவோ, அது மெய்யாகவே மதுக்கடை ஆகிவிட்டது. அதன் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர், சில அடி தூரத்திலுள்ள பழைய சந்தைச் சிலுவையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதன் அடிக்கல்லில், மடாதிபதிகளாக இருந்த ஓ டஃபி இருவருக்காகவும் மன்றாடுமாறு ஐரிஷ் மொழியில் பொறித்திருக்கிறது.

ஏரிக்கரை எழுதியது:

மதகு ஐயா பஞ்சத்தைத் தொட்டதால் இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங் ஊருக்கு வடக்கே, நீல் என்னும் சிற்றூரின் பக்கம் ஒரு பாட்டியைக் கவனித்துக்கொண்டேன். அங்கிருந்து சற்றுத் தூரத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், கேப்டன் பாய்காட் வாழ்ந்த மாளிகை இருக்கிறது. அவர் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவர். 1880இல் விளைச்சல் பொய்த்து, குத்தகையில் கால் பங்கைக் குறைக்கக் குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு பத்தில் ஒரு பங்கு குறைக்கவே இசைந்தார். வெளியேற்ற ஆணைகளைக் கொண்டுவந்தவரைப் பெண்கள் சேற்றையும் கல்லையும் வீசி விரட்டினர். அதன் பிறகு பாய்காட்டின் வேலையாட்கள் நின்றுவிட்டனர், பக்கத்து ஊரான பாலின்ரோப்பின் கடைக்காரர்கள் சரக்கு தர மறுத்தனர், கடிதம் கொண்டுவரவும் ஆளில்லை. அவருடைய வயலில் கிடந்த கிழங்குகளைத் தோண்டுவதற்கு வடக்கிலிருந்து ஐம்பது ஆரஞ்சு அமைப்பினர் (பிரிட்டிஷ் முடியாட்சியை ஆதரித்த புராட்டஸ்டன்ட் சங்கத்தார்) வந்தார்கள். அவர்களைக் காக்க நூற்றுக்கணக்கில் படையினர் வந்தார்கள். சில நூறு பவுன் பெறுமான விளைச்சலை எடுக்க ஏறத்தாழ 10,000 பவுன் செலவானது. நவம்பர் முடிவில் பாய்காட் ஊரைவிட்டே போனார்.

சேறு வீசிய பெண்களுள் தம் கொள்ளுப்பாட்டியும் ஒருத்தி என்று பாட்டி சொன்னார். உடனே, “இந்தக் கோவில் பங்கிலுள்ள எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள், அத்தனை பேரும் வீசியிருந்தால் அந்த ஆள் சேற்றில் புதைந்தே போயிருப்பான்” என்று சிரித்தார். அந்தக் கதையைவிட அவர் பெரிதாக மதித்தது ஒரு பிஸ்கட் டப்பாவை. அதற்குள் நிலத் தவணை ரசீதுகள் கட்டுக்கட்டாக இருந்தன. 1903ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி அரசு கடன் கொடுத்து, குத்தகையாளரே நிலத்தை வாங்க வழி செய்தது. அக்கடனை அடைக்க 68½ ஆண்டுகள். 1933இல் தவணை பாதியாகக் குறைக்கப்பட்டதை, தாளின் நிறம் மாறிய இடத்தைக் காட்டி அவர் விளக்கினார். தாத்தா தொடங்கிய தவணையை அப்பா தொடர, கடைசிச் சிலவற்றைக் கட்டியவர் இவருடைய அண்ணன்.

அந்த நிலத்தில் இப்போது பக்கத்து விவசாயியின் மாடுகள் மேய்கின்றன. பாட்டியின் மகன்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அப்பகுதி வழக்கப்படி, பதினொரு மாதத்துக்கு மட்டும் மேய்ச்சலுக்கு விட்டு, ஆண்டுதோறும் புதிதாகப் பேசிக்கொள்வார்கள். நிலத்தில் யாருக்கும் நிரந்தர உரிமை ஏற்பட்டுவிடக் கூடாது என்ற பழைய எச்சரிக்கை அது. வாடகையைக் கொடுக்க அந்த விவசாயி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். தொகை உறையில் மேசைமேல் இருக்க, இருவரும் அரைமணி நேரம் மழையைப் பற்றியும், வேலியோரம் மண்டிவிட்ட கோரையைப் பற்றியும் பேசினார்கள். அவர் போன பிறகு பாட்டி உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்து, பழைய ரசீதுகளின் மேலேயே வைத்து டப்பாவை மூடினார்.