ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் மலைமக்கள் அருங்காட்சியகமா?

காப்பிக்களம்:
பல்கேரியாவில் ப்ளோவ்திவ் என்று ஒரு பழைய நகரம். அர்கீர் குயும்ஜியோக்லு என்ற துணி வியாபாரி 1847-ல் அங்கே ஒரு மாளிகை கட்டினார். பிற்காலத்தில் அது பள்ளி விடுதியானது, மாவுக் கிடங்கானது. இடித்துவிட்டுப் புகையிலைக் கிடங்கு கட்டலாம் என்று ஒருவர் வாங்கிப் போட்டார். அதிலிருந்து தப்பி, 1938 முதல் அந்த வட்டார மக்களின் வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகமாக இருக்கிறது. நெசவு, ரோஜாத் தைலம் காய்ச்சும் கொப்பரைகள், திருவிழா உடைகள் எல்லாம் அதே அறைகளில்.

நம் ஏற்காட்டிலும் பழைய எஸ்டேட் பங்களாக்கள் ஒவ்வொன்றாக ரிசார்ட் ஆகின்றன, இல்லையென்றால் ஓடு சரிந்து விழுகின்றன. ஒன்றையாவது அரசு வாங்கி, சேர்வராயன் மலை மக்களுக்கான அருங்காட்சியகமாக மாற்ற வேண்டும் என்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

நடுமலை:
எதிர்க்கிறேன். நான் இந்த மலையில் பிறந்தவன், மலையாளி சமூகம் (கேரளத்தார் அல்ல, இந்த மலைகளின் தமிழ் பேசும் பழங்குடி).

நீங்கள் காட்டிய உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது அண்ணா. ப்ளோவ்திவ் வியாபாரி விற்றது அந்த வட்டாரத்துக் கம்பளித் துணி. அவர் வீட்டில் அந்தத் துணியும் தறியும் இருப்பது பொருத்தம். ஏற்காட்டு பங்களா யாருடையது? 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அப்புறம் தோட்டம் தோட்டமாக மலை கைமாறியது. எங்கள் முன்னோர் சாமையும் கேழ்வரகும் விதைத்த கொல்லைகள் காப்பிக்காடாயின. அந்தத் துரை வீட்டு ஹாலில் எங்கள் பாட்டியின் உரலைக் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் ஒரு அட்டை எழுதுவீர்களா? பங்களாவின் பின்வாசலைத் தாண்டி உள்ளே போகாதவர்களின் பொருளை அங்கே வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

காப்பிக்களம்:
கோபம் நியாயமானது தம்பி. ஆனால் நீங்கள் சொல்கிற கதையையே அந்த வீட்டில் சொல்லலாமே. யார் நிலம், யார் உழைப்பு, யாருக்கு லாபம் என்று முதல் அறையிலேயே எழுதி வைப்போம். தோட்டத் தொழிலாளர் வருகையும் கூலியும் எழுதிய செக்ரோல் பேரேடுகளைத் திறந்து வைப்போம். பெயரும் நாளும் கூலியுமாக அதில் இருப்பதுதான் இந்த மலையின் வரலாறு. அந்தத் தாள்கள் எங்கோ ஒரு எஸ்டேட் ஆபீஸ் அலமாரியில் கரையான் தின்று கொண்டிருக்கலாம். வீட்டை இடித்துவிட்டால் சாட்சியும் போய்விடும்.

தறிமேடை:
சேலத்துக்காரனாக நுழைகிறேன். வியாபாரி மாளிகைதான் முன்மாதிரி என்றால் மலைக்கு ஏன் போக வேண்டும்? செவ்வாய்ப்பேட்டையில் பழைய வணிகர் வீடுகள் இருக்கின்றன. அம்மாபேட்டையிலும் குகையிலும் நெசவாளர் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். ஆனால் அது எப்படி நெய்யப்படுகிறது என்று நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேளுங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

குழித்தறி பார்த்திருக்கிறீர்களா? நெசவாளி தரை விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் காலை இறக்கி மிதி மிதிப்பார். குழியின் ஈரம் பாவு இழை அறாமல் காக்கும். அதனால் அந்தத் தறியை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் வேறு ஹாலில் பளிங்குத் தரைமேல் நிறுத்தினால் அது வெறும் மரச்சட்டம். குழி வீட்டோடு சேர்ந்தது. அந்த வீட்டைத்தான் காப்பாற்ற வேண்டும். நடுமலை சொல்வதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நடுமலை:
ஆமாம், அதேதான். எங்கள் பழைய வீட்டைச் சொல்கிறேன். மூங்கில் பிளாச்சில் மண் பூசிய சுவர், மேலே புல் வேய்ந்த கூரை. அடுப்புக்கு மேலே பரண். விதைத் தானியம், மூங்கில் கூடை, பறை எல்லாம் அங்கேதான் இருக்கும். அடுப்புப் புகை தினமும் படுவதால் பூச்சி அண்டாது, பூஞ்சணமும் பிடிக்காது. கூடையெல்லாம் கறுத்து மினுமினுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அடுப்பெரியாத பங்களாவில் அந்தக் கூடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டினால் அடுத்த மழைக்காலத்துக்குள் உளுத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதி வெளியிட்டார். அதில் நாங்களும் உண்டு. மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குறித்தவர் அவர். அருங்காட்சியகம் என்றதும் எங்கள் ஆட்கள் தயங்குவது ஏன் என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஓட்டுவீடு:
பழைய கட்டடங்களைச் செப்பனிடுகிற வேலையில் இருக்கிறேன். ஈரம் பற்றி நடுமலை சொன்னது முற்றிலும் சரி. சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சிமென்ட் பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்து "புதுப்பித்தோம்" என்பார்கள். உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உப்பிப் பூத்து உதிரும். பழைய கட்டடங்களைக் காக்கும் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் வாங்குவதற்குக் கிடைக்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்காவது வருடாவருடம் பராமரிப்புக்குக் கிடைக்குமா? அதை உறுதி செய்யாமல் எந்த வீட்டையும் தொடாதீர்கள்.

காப்பிக்களம்:
பராமரிப்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுமலையிடம் ஒரு கேள்வி. கிராமத்திலேயே வைக்கலாம் என்கிறீர்கள். உங்கள் ஊரில் புல் வேய்ந்த வீடு எத்தனை மிச்சம்? எல்லோரும் கான்கிரீட் வீட்டுக்கு மாறிவிட்டார்கள், அது அவர்கள் உரிமை. சுற்றுலா வருகிறவன் லேடீஸ் சீட், படகுத்துறை, சேர்வராயன் கோயில் என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறான். மலையில் மக்கள் வாழ்கிறார்கள் என்பதே அவன் கண்ணில் படவில்லை. ஊருக்கு நடுவில் ஓர் இடம் இருந்தால்தானே படும்?

நடுமலை:
வந்து பார்க்கிறவன் கண்ணில் படுவதற்காக நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை அண்ணா. எங்கள் பிள்ளைகள் கண்ணில் படவேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் வந்ததும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் கொல்லிமலை, பச்சைமலையிலும் தங்கியதும் எங்கள் பெரியவர்கள் பாடிச் சொல்கிற கதை. அந்தப் பாட்டைப் பாடத் தெரிந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள். முதலில் அதைப் பதிவு செய்ய ஆள் அனுப்புங்கள். வீடு பிறகு பார்க்கலாம்.

வீடுதான் முதலில் என்றால், ஊர்ப் புறம்போக்கில் எங்கள் ஆட்களே பழைய முறையில் ஒரு வீடு கட்டட்டும். கூலி கொடுங்கள். அடுப்பு தினமும் எரியட்டும். பொருளைக் கொடுத்தவர் பெயர் பேரேட்டில் இருக்கட்டும், கேட்டால் திருப்பித் தரவும் வேண்டும். கோயில் பொருள் எதையும் யாரும் கேட்கக்கூடாது. சாவி ஊர்க்காரர்களிடம் இருக்க வேண்டும்.

தறிமேடை:
ஊரே சாவி வைத்துக்கொள்வது அம்மாபேட்டைக்கும் பொருந்தும். தறி நெய்கிற குடும்பத்தைக் காலி செய்யவிட்டு வீட்டை மட்டும் காட்டுவதாக இருந்தால் நானும் எதிர்ப்பேன்.

காப்பிக்களம்:
பெயர்ப் பேரேடு, திருப்பித் தருவது, ஊர்க்காரர் கையில் சாவி மூன்றையும் ஏற்கிறேன். பாட்டுப் பதிவு முதலில் என்பதும் சரி. பங்களா வேண்டும் என்பதிலிருந்து மட்டும் நான் இறங்கவில்லை. அங்கே உங்கள் உரல் வேண்டாம். செக்ரோலும், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரமும், துரைகளின் நில வரைபடங்களும் மட்டும் இருக்கட்டும். தோட்டத்தின் கதையைத் தோட்ட வீடு சொல்லட்டும்.

நடுமலை:
அந்த வரைபடத்தில் தோட்டத்துக்கு முன் இருந்த எங்கள் ஊர்களின் பெயரையும் குறிப்பீர்களா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.