விடிகாலையில் மட்டும் நின்றுபோன எஃப்ஐ வண்டி

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். ரப்பர் வெட்டுக்கு விடிகாலை நாலு மணிக்கே வண்டியை எடுக்க வேண்டும். 2021-இல் வாங்கிய 125 சிசி, எஃப்ஐ வண்டி; அதாவது கார்புரேட்டர் இல்லாமல், பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் வகை. போன மார்கழியில் ஆரம்பித்தது தொல்லை. ஸ்டார்ட் ஆகும், நாலைந்து விநாடி ஓடும், அப்படியே அணைந்துவிடும். ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்தால்தான் ஓடும். சூடேறிவிட்டால் ஒரு குறையும் தெரியாது. பகலில் கொண்டுபோய்க் காட்டினால், "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்பார்கள்.

பழைய வண்டியில், ஆறின எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகச் சோக்கை இழுப்போம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு அந்த வேலையைப் பெரும்பாலும் ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்ன கம்ப்யூட்டர், பார்த்துக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருப்பதை சென்சார் சொன்னால் பெட்ரோலைக் கூட்டும். திராட்டில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் திருகினால் திறக்கும் காற்றுக் கதவு, மூடியிருந்தாலும் பக்கத்துச் சின்ன வழியில் காற்று போக, என் வண்டியில் ஒரு ஐடில் வால்வு உண்டு. ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்தான் ஐடில். நம்ம ஊர்க் குளிர் ஒரு குளிரா என்று கேட்பார்கள். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினுக்கு 22 டிகிரியும் குளிர்தான்.

பிளக் மாற்றிப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்புறம் ஒருவர், பெயிண்ட் வைத்து அடைத்திருந்த திராட்டில் ஸ்குரூவைத் திருகி ஐடிலை ஏற்றிவிட்டார். காலையில் நிற்கவில்லை, சரி. ஆனால் மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி சூடானதும் இரைச்சல் அடங்கவே இல்லை. தயவுசெய்து அந்த ஸ்குரூவில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

கடைசியில் திருவட்டாறு பக்கம் ஒரு அண்ணன்தான், "தம்பி, வண்டிய ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போ. ஆறின எஞ்சினத்தான் பாக்கணும்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காலையில் திராட்டில் பாடியைக் கழற்றிக் காட்டினார். வால்வு முனையில், சிரட்டைக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசியது போலக் கறுப்பு. காற்று போகும் துளையில் பாதிக்குமேல் அடைப்பு. கம்பி விட்டுக் குத்தவில்லை, வால்வு முனையைக் கையால் அழுத்தவும் இல்லை. கிளீனரைத் துணியில் நனைத்துப் பொறுமையாகத் துடைத்தார். ஸ்குரூவைப் பழைய பெயிண்ட் அடையாளத்துக்கே கொண்டுவந்தார். சாவியைப் போட்டு, பெட்ரோல் பம்ப்பின் முனகல் அடங்கியதும் ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. முதலில் கொஞ்சம் வேகமாக இரைந்து, ரெண்டு நிமிடத்தில் தானாக இறங்கி நின்றது.

இதைப் படித்துவிட்டு, குளச்சலிலிருந்து ஒரு தம்பி எழுதியது:

அண்ணே, எனக்கு நேர்மாறு. காலையில் சட்டென்று பிடிக்கும், ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் ஐடில் இறங்காது. சைலன்சரில் பெட்ரோல் வாடை, மைலேஜும் போச்சு. மஞ்சள் எஃப்ஐ விளக்கு வேறு. மீன் ஏற்றப்போய் தினமும் கடற்கரையில் நிற்கும் வண்டி. எஞ்சின் சூட்டைச் சொல்லும் வெப்ப சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் மாட்டும் இணைப்பை, கழற்றினால் உள்ளே முள்ளெல்லாம் பச்சை பூத்திருந்தது. தொடர்பு சரியில்லாததால், சூடான எஞ்சினையும் ஈசியு குளிர்ந்ததாகவே எண்ணிப் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது. கப்ளரைச் சுத்தம் செய்து மாட்டியதும் விளக்கு அணைந்தது. திராட்டில் பாடியில் ஒரு தூசி இல்லை.

குலசேகரத்திலிருந்து என் பதில்:

தம்பி, நல்லவேளை சொன்னாய். எனக்கு உப்புக்காற்று இல்லாவிட்டாலும் மழை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கப்ளரைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.