டல்லாஸ் பக்கம் வீடு பாக்கறோம், ஹைஸ்கூல் ரேட்டிங் 5ன்னு காட்டுது, விட்டுடலாமா?

பிளானோ_வரப்போற_அம்மா:
வணக்கம் மக்களே. நியூ ஜெர்சில இருந்து டல்லாஸ் பக்கம் மாறறோம், அவருக்கு ஆபீஸ் பிளானோல. பொண்ணு ஆகஸ்ட்ல 9வது போறா. ஆபீஸ்க்கு பக்கத்துலயே பட்ஜெட்டுக்குள்ள நல்ல வீடு ஒண்ணு கிடைச்சிருக்கு, ஆனா அந்த அட்ரஸுக்கு வர்ற ஸோன் ஹைஸ்கூலுக்கு கிரேட்ஸ்கூல்ஸ்ங்கற ரேட்டிங் சைட்ல பத்துக்கு 5 தான் போட்டிருக்கான். பாதிக்கு மேல எகனாமிக்கலி டிஸ்அட்வான்டேஜ்ட், அதாவது வசதி கம்மியான வீட்டு பசங்க, ஹிஸ்பானிக் பசங்க நிறைய, ஏசியன் ரொம்ப கம்மி. ஃப்ரிஸ்கோல இருக்கற என் ஓர்ப்படி கேட்ட உடனே "அங்கயா, வேண்டவே வேண்டாம்"ன்னுட்டா. ஃப்ரிஸ்கோலயே வாங்கணும்னா லோன் கழுத்தை நெரிக்கும். யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

கேட்டி_குமார்:
8க்கு கீழ இருந்தா நான் வீட்டுக்குள்ளயே போய் பாக்க மாட்டேன். ஸ்கூல விடுங்க, நாளைக்கு விக்கும்போது எவன் வாங்குவான்? அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் சர்க்கிள்னு ஒண்ணு இருக்கு, அதையும் யோசிச்சுக்கோங்க.

கணக்கு_டீச்சர்_டிஎக்ஸ்:
நான் இங்க ஒரு பப்ளிக் ஹைஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல, பாதிக்கு மேல டிஸ்அட்வான்டேஜ்ட்னு பாத்து பயப்படாதீங்க. டெக்சாஸ் முழுக்கவே பத்துல ஆறு பேர் அந்த கணக்குல தான் வர்றாங்க. பெரும்பாலும் இலவச லஞ்ச் இல்லன்னா குறைஞ்ச விலை லஞ்சுக்கு தகுதி இருக்கற குடும்பம், அதாவது வருமானம் ஃபெடரல் வறுமைக் கோட்டுல 185%க்குள்ள. கடை வேலை, கட்டட வேலை பாக்கறவங்க பிள்ளைங்க, அவ்வளவு தான்.

அப்புறம் ஒட்டுமொத்த மார்க்க வெச்சு ரெண்டு ஸ்கூல ஒப்பிடறதுல ஒரு ஏமாத்து இருக்கு. சும்மா ஒரு கணக்கு போடறேன். ஒரு ஸ்கூல்ல 80 வசதியான பசங்க, 20 ஏழைப் பசங்க, வசதியானவங்கள்ல 80% பாஸ், மத்தவங்கள்ல 40% பாஸ், மொத்தம் 72. இன்னொரு ஸ்கூல்ல 30 வசதி, 70 ஏழை, அங்க வசதியானவங்கள்ல 90% பாஸ், மத்தவங்கள்ல 50% பாஸ், மொத்தம் 62 தான் வருது. ரெண்டு வகை பசங்களுமே ரெண்டாவது ஸ்கூல்ல தான் நல்லா பண்றாங்க, ஆனா ஊரே முதல் ஸ்கூலுக்கு தான் ஓடும்.

அல்ஜீப்ரா 1 STAAR (டெக்சாஸ் ஸ்டேட் பரீட்சை) ரிசல்ட்ட வெச்சு ஹைஸ்கூல எடை போடாதீங்க, இது நிறைய பேருக்கு தெரியாது. நல்லா கணக்கு போடற பசங்க 8வதுலயே அத எழுதிடுவாங்க, அந்த மார்க் மிடில் ஸ்கூல் கணக்குல போயிடும். 9வதுல எழுதறவங்க மார்க் மட்டும் தான் எங்க பேர்ல நிக்கும், வெளில இருந்து பாத்தா என்னடா ஸ்கூல் இதுன்னு தோணும் 😄

டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சி சைட்ல டேப்பர் (TAPR)னு ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு ரிப்போர்ட் இருக்கு, அத எடுங்க. இனம், வருமானம், இங்கிலீஷ் இப்ப தான் கத்துக்கறவங்கன்னு தனித்தனியா பிரிச்சு மார்க் இருக்கும். ஸ்டேட் தர்ற A-F ரேட்டிங்ல ஸ்கூல் ப்ரோக்ரஸ்ங்கற பகுதியையும் பாருங்க, அதுல இதே அளவு ஏழைப் பசங்க படிக்கற மத்த ஸ்கூல்களோட ஒப்பிட்டு ஒரு மார்க் தருவாங்க. ஸ்கூல் வேலை பாக்குதா இல்ல அப்பா அம்மா சம்பளம் வேலை பாக்குதான்னு ஓரளவு அதுல தெரியும்.

குமார் சார், ஃப்ரெண்ட்ஸ் சர்க்கிள் விஷயம்: வேப், போதை சமாச்சாரம் எல்லாம் 10 ரேட்டிங் ஸ்கூல்லயும் இருக்கு, காசு இருக்கறதால கொஞ்சம் காஸ்ட்லியா இருக்கு.

ஆஸ்டின்_அப்பா:
டீச்சர் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. 1997ல இங்க ஒரு சட்டம் வந்துச்சு, ஹைஸ்கூல்ல டாப் 10%ல வந்தா ஸ்டேட் யுனிவர்சிட்டில நேரா அட்மிஷன்னு. யூடி ஆஸ்டின்ல (ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யுனிவர்சிட்டி) மட்டும் கூட்டம் தாங்காம குறைச்சு குறைச்சு 6% ஆக்கி, 2026 ஃபால்ல இருந்து 5% ஆக்கிட்டாங்க. அந்த 5% உங்க ஸ்கூலுக்குள்ள தான், ஸ்டேட் முழுக்க இல்ல. எங்க பையன் படிச்ச ஸ்கூல்ல எல்லாரும் ஏபி (காலேஜ் லெவல் பாடம்), எல்லாரும் டியூஷன், பாயிண்ட்டுக்கு பின்னாடி மூணாவது டெசிமல்ல ரேங்க் மாறும், தூங்காம படிச்சும் உள்ள வரல. அதே பையன் வேற ஸ்கூல்ல இருந்தா வந்திருப்பான்னு அவங்க அம்மா இன்னிக்கும் சொல்லிட்டு இருக்கா.

கேட்டி_குமார்:
அப்ப ரேங்குக்காக பொண்ண சுமாரான ஸ்கூல்ல போடச் சொல்றீங்களா? யூடில அட்மிஷன் தான் கேரண்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ் கேரண்டி கிடையாது. உள்ள போய் கால்குலஸ்ல திணறினா என்ன பண்றது?

ஆஸ்டின்_அப்பா:
மேஜர் விஷயத்துல நீங்க சொல்றது சரி தான். நான் ரேங்குக்காக போங்கன்னு சொல்லல, வீடு பிடிச்சிருந்தா இதுக்கு பயந்து விடாதீங்கன்னு தான் சொல்றேன்.

பிளானோ_வரப்போற_அம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டேப்பர் எடுத்து பாத்தேன், தலை சுத்துது. ஏசியன் வரிசைல பல இடத்துல நம்பரே இல்ல, வெறும் நட்சத்திரக் குறி (*) தான் இருக்கு. அப்படின்னா என்ன? அவ 8வதுலயே அல்ஜீப்ரா முடிச்சிட்டா.

கணக்கு_டீச்சர்_டிஎக்ஸ்:
பசங்க எண்ணிக்கை ரொம்ப கம்மியா இருந்தா யார் மார்க்னு கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு மறைச்சிடுவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. ஏசியன் வரிசைய விட்டுட்டு டிஸ்அட்வான்டேஜ்ட் இல்லாதவங்க மார்க் எங்க தந்திருக்காங்கன்னு தேடுங்க, உங்க பொண்ணுக்கு கிட்டத்தட்ட பொருந்தறது அது தான். STAAR ரிசல்ட்ல "மீட்ஸ்", "மாஸ்டர்ஸ்"னு மேல் லெவல் இருக்கும், அந்த ரெண்டையும் பாருங்க, "அப்ரோச்சஸ்" பாத்து ஏமாறாதீங்க, அது வெறும் பாஸ்.

அல்ஜீப்ரா முடிச்சிட்டான்னா 9வதுல ஜாமெட்ரி, நேரா போனா 12வதுல கால்குலஸ். அதனால கவுன்சிலருக்கு போன் போட்டு ஏபி கால்குலஸ் பிசி, ஏபி ஃபிசிக்ஸ் சி போன வருஷம் நிஜமா க்ளாஸ் நடந்துச்சா, எத்தனை பேர் இருந்தாங்கன்னு கேளுங்க. கோர்ஸ் லிஸ்ட்ல எல்லாம் இருக்கும், ஆள் சேரலன்னா க்ளாஸ் ஓடாது. நடக்கலன்னு சொன்னா நானே வீட்ட விட்டுடுங்கன்னு தான் சொல்வேன்.

பிளானோ_வரப்போற_அம்மா:
திங்கக்கிழமை காலைல போன் பண்றேன். ஓர்ப்படிகிட்ட இப்போதைக்கு வாயே திறக்கல 😅