படகிதழின் நுனிக்கு 'மூக்கு' போதும்

அன்பு நண்பர்களுக்கு,

கிலுகிலுப்பைச் சாதிக்கு (Crotalaria பேரினம்) நாம் எழுதும் இணைக்கவர்ச்சுட்டியில், அதாவது இரண்டிரண்டு தெரிவுகளாகப் பிரித்து இனத்தை அடையாளம் காட்டும் வழிகாட்டியில், படகிதழின் (keel) கூர்ந்த நுனிக்கு (beak) 'மூக்கு' என்றே வைக்கலாம் என்பது என் கருத்து.

அவரைக் குடும்பத்துப் பூவில் மேலே கொடியிதழ், பக்கத்தில் இரண்டு சிறகிதழ், கீழே ஒட்டிக்கொண்ட இரண்டும் சேர்ந்து படகிதழ். படகிதழுக்குப் பதில் 'ஏரா' என்று வைக்கலாமா என்று தம்பி கேட்டிருந்தார். ஏரா கப்பலின் அடிமரம் மட்டும்தான். இந்த இதழோ கேசரங்களையும் சூலகத்தையும் உள்ளே பொத்தி வைத்திருக்கிறது. படகே சரி.

கிலுகிலுப்பையில் அந்தப் படகு வளைந்தெழுந்து நுனியில் குழாயாக ஒடுங்கும். சில இனங்களில் நேராக, சிலவற்றில் திருகியபடி. வண்டு சிறகிதழில் அமர்ந்து அழுத்தும்போது, தம்பத்தின் (சூலகத்திலிருந்து நீளும் தண்டின்) மயிர்கள் மகரந்தத்தை நுனித் துளையால் வெளியே தள்ளும். விரலால் மெல்ல அழுத்தினாலும் மாவு பிதுங்கி வரும். இனம் பிரிக்க இந்த நுனி அவ்வளவு உதவும். கொழும்பில் வெள்ளவத்தை ரயில் பாதையோரம் மஞ்சள் பூவைக் கண்டு படமெடுப்பவர்கள் பெரும்பாலும் முன்னாலிருந்து கொடியிதழை மட்டுமே எடுக்கிறார்கள். பசளைக்காக விதைக்கும் சணப்பும் இதே சாதி, அதுவும் மஞ்சள். அந்தப் படத்தை வைத்து அரிய இனம் என்று எப்படிச் சொல்வது?

நுனிக்கு அக்கா சொன்ன 'அலகு' அழகான சொல். ஆனால் 'அலகு நீளம்' என்று எழுதினால் நம் பிள்ளைகளுக்குக் கணிதப் பாடம்தான் நினைவுக்கு வரும். 'சொண்டு' எனக்கும் ஆசைதான், காகத்துக்கும் கிளிக்கும் வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம். உதட்டுக்கும் அதுவே பெயர் என்பதுதான் தடை. இந்தச் சாதியில் பல இனங்களின் புல்லிவட்டம் ஈருதடாகப் பிரிந்திருக்கும். அதன் பக்கத்திலேயே சொண்டும் வந்தால் வாசிப்பவர் தடுமாறுவார்.

அழியும் ஆபத்திலுள்ள இனங்களைப் பதியும் இலங்கையின் 2012 செம்பட்டியலில் அற்றுப்போனதாகக் குறித்த குறூடியா செயிலனிக்கா, இதே குடும்பத்து மரம், 2019 இல் கம்பஹா மாவட்டத்துத் தரலுவவில் உயிரோடு நின்றது. பார்க்கத் தெரிந்த கண்கள் கூடினால் இன்னும் கிடைக்கும் என்று நம்புகிறேன். அதனால் சுட்டியை எவரும் கையில் பூவோடு நின்று வாசிக்கக்கூடியதாக எழுதுவோம்.

அப்புறம், திருகிய நுனிக்கு 'புரிமூக்கு', நேரானதற்கு 'நேர்மூக்கு' என்று போடலாமா? வலம்புரி, இடம்புரி நமக்குப் பழகியவை. திருகும் திசையையும் அப்படியே சொல்லிவிடலாம். மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமை சந்திப்பில் பூவை வைத்தே பேசுவோம்.