எல்லா வட்டத்துக்கும் ஒரே பை: செய்து காட்ட வழி உண்டா?

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் எந்த வட்டத்துக்கும் ஒரே எண்தான், அதுதான் பை (π), என்பதைப் பிள்ளைகள் வட்டமான மூடிகளைத் தாங்களே அளந்து காண வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு குழுவுக்கு 2.9 வருகிறது, பக்கத்துக் குழுவுக்கு 3.4. "அப்போ ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பையா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

முதலில் நூல் சுற்றி அளந்தோம். இழுக்க இழுக்க நூல் நீள்கிறது. காகிதப் பட்டை சுற்றி, விளிம்புகள் சேரும் இடத்தில் குண்டூசியால் குத்தி, பிரித்து அளந்ததில் சுற்றளவு சரியாகிவிட்டது. தொல்லை விட்டத்தில்தான். 3 செ.மீ. மூடியில் 2 மி.மீ. பிசகினாலே விடை 2.94 அல்லது 3.36 என்று ஓடிவிடுகிறது. மூடியை இரண்டு மூலைமட்டங்களுக்கு நடுவே நிறுத்தி அளந்தால் பிசகு குறைகிறது, ஆனால் எல்லாக் குழுவுக்கும் மூலைமட்டம் போதவில்லை.

அப்புறம் வட்டத்துக்குள் ஒழுங்கு அறுகோணம், வெளியே சதுரம் வரைந்தோம். அறுகோணத்தின் சுற்றளவு 3 விட்டம், சதுரத்துக்கு 4. பை இரண்டுக்கும் நடுவில் என்பதை உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒரே எண் என்பதை மட்டும் இன்னும் நம்பவில்லை.

வகுப்பில் 40 பேர், பாடவேளை 40 நிமிடம், கையில் மி.மீ. அளவுகோலும் வரைபடத் தாளும் உண்டு. சராசரி எடுக்கச் சொல்லி மழுப்ப எனக்கு மனமில்லை.

அளவுப் பிழை இருந்தும் விகிதம் மாறாதது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கும்படி, ஒரே பாடவேளைக்குள் முடியும் செயல்பாடு எதை உங்கள் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறீர்கள்?