ஹுவா வியாங்கில் பெரியம்மா வீட்டுப் படிகள்

தாய்லாந்தின் அயுத்தயாவில் வேலை பார்த்தபோது உடன் வேலை செய்த அந்நாட்டுக்காரர் ஒருவர், "அக்டோபரில் எங்கள் ஊருக்கு வாங்க, அப்போதுதான் பார்க்கணும்" என்றார். சேனா வட்டத்தில் ஹுவா வியாங் என்ற தம்போன் அது. தம்போன் என்றால் ஏறக்குறைய நம் ஊராட்சி. பல கிராமங்கள் சேர்ந்தது. கிராமங்களை 'மூ 1, மூ 2' என்று எண் போட்டுத்தான் சொல்கிறார்கள். தம்போனுக்குத் தலைவர் கம்னான்.

ஊர் நொய் ஆற்றங்கரையில், சாவ் பிரயா ஆற்றின் கிளை அது. மேலே சைனாட் அணையில் நிறையத் திறந்துவிட்டால் இங்கே தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும். பைக்கை மேட்டுச் சாலையில் விட்டுவிட்டு, படகில்தான் வீட்டுக்குப் போனோம்.

மரவீடு, உயரமான கால்கள். நண்பரின் 'பா' (அம்மாவின் அக்கா, நமக்குப் பெரியம்மா) முதல் வேலையாகப் படியைக் காட்டினார். பதினோரு படிகளில் ஆறு தண்ணீருக்குள். தூணில் மார்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2011 வெள்ளம். அந்த வருடம் வீட்டுக்குள்ளேயே பலகை அடுக்கி, கூரை தலையில் இடிக்கக் குனிந்து நடந்தார்களாம். சொல்லும்போது அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

காலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அணையில் இன்று எவ்வளவு திறக்கிறார்கள் என்ற கணக்கு. பெரியம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் காது கொடுத்தார்.

அப்புறம் படகில் தோக் சனோ பறிக்கப் போனோம். நம் அகத்திக்குச் சொந்தக்காரச் செடி. மஞ்சள் பூ, தண்ணீர் ஏறும் பருவத்தில் பூக்கும். முட்டையோடு பொரித்துத் தந்தார். லேசான இனிப்பு, இன்னும் நாக்கில் இருக்கிறது.

வயல்களில் செப்டம்பருக்குள் அறுவடை முடித்துவிடுகிறார்கள். பிறகு அங்கே தண்ணீரைத் தேக்குவார்கள். 'கேம் லிங்', அதாவது குரங்குக் கன்னம்: குரங்கு வாழைப்பழத்தைக் கன்னத்தில் அடக்கிவைப்பது போல. மன்னர் பூமிபோல் சொன்ன யோசனை. பேங்காக் நனையாமலிருக்க இந்த ஊர்கள் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கின்றன. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. அங்கேயே சொன்னேன், பெரியம்மா பதில் சொல்லாமல் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

—

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் கோங் சியாம் ஞாபகம் வந்தது. தாய்லாந்தின் உபோன் மாகாணத்தில் 'முன்' என்ற ஆறு மேகோங் ஆற்றில் கலக்கும் இடம். இரண்டு நிறத் தண்ணீர் பார்க்கத்தான் போனேன். அங்கே ஒரு மீனவர் தன் வலைகளை எடுத்துக் காட்டினார், பாதி காய்ந்தே கிடந்தன. 1994இல் அந்த முன் ஆற்றில் 'பாக் முன்' அணை கட்டி முடிந்த பிறகு மேகோங்கிலிருந்து ஏறும் மீன் குறைந்துவிட்டது என்றார். மீன் ஏறப் படிக்கட்டு கட்டினார்களாம். "மீனுக்கு அந்தப் படி பிடிக்கவில்லை" என்றார். மதகு திறக்கும் மாதங்களில்தான் அவருக்குப் பிழைப்பு. உங்கள் பெரியம்மா வீட்டில் இப்போது எப்படி?

—

தம்பி, போன வாரம் லைன் செயலியில் படம் அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் நான்காவது படியில். மேலே தட்டு நிறைய மஞ்சள் பூ.